பெரிய சக்கரம் யாருக்கு? உயரம் குறைந்த ஒருத்தியின் சைக்கிள் அனுபவம்

மலைப்பாதைச் சைக்கிள்களின் சக்கர அளவு மறுபடியும் விவாதத்துக்கு வந்திருக்கிறது. பல ஆண்டுகள் 26 அங்குலம் ஒன்றே அளவாக இருந்தது. பிறகு 29 வந்தது. அது மிகவும் பெரிது என்றவர்களுக்காக இடையில் 27.5 வந்தது, இப்போது 32 அங்குலத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். பேச்சோடு நிற்கவும் இல்லை, மேக்ஸிஸ் நிறுவனம் தன் ‘ஆஸ்பென்’ பந்தய டயரை அந்த அளவில் செய்திருக்கிறது. தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவான கிராவல் சைக்கிள்களுக்கென்று டபிள்யூடிபி என்ற அமெரிக்க நிறுவனம் 2024இல் 750டி என்ற இன்னொரு புதிய அளவை அறிவித்தது. கோயம்புத்தூரில் இருந்துகொண்டு 26, 29, 27.5, 700சி ஆகிய நான்கையும் சொந்தமாக வைத்து ஓட்டியவள் என்ற முறையிலும், 158 சென்டிமீட்டர் உயரமுள்ளவள் என்ற முறையிலும் இதில் எனக்கென்று ஒரு கருத்து உண்டு. பெரிய சக்கரம் தருகிற நன்மை உண்மைதான். ஆனால் அது எல்லா உடலுக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை, அந்த நன்மையில் பெரும்பங்கை அகலமான டயரே குறைந்த செலவில் கொடுத்துவிடுகிறது.

முதலில் எந்த எண்ணைப் பார்ப்பது என்பதைச் சொல்லிவிடுகிறேன். டயரின் பக்கச் சுவரில் 26, 28, 29 என்று பெரிதாக அச்சிட்டிருப்பது விற்பனைக்கான பெயர். அதன் அருகிலேயே சிறிய எழுத்தில் 28-622, 47-584 என்பதுபோல் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண், டயரின் விளிம்புக் கம்பி ரிம்மில் போய் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டுமே மில்லிமீட்டரில். மலைச் சைக்கிளின் 26 என்பது 559. 27.5 என்பதும் பிரெஞ்சுக்காரர்களின் பழைய 650பி என்பதும் ஒன்றே, இரண்டும் 584. 29 என்பதும் சாலைச் சைக்கிளின் 700சி என்பதும் ஒன்றே, இரண்டும் 622. புதிதாக வந்த 750டி 660, 32 அங்குலம் 686. இந்த இரண்டாவது எண் ஒத்துப்போகாத டயர் அந்த ரிம்முக்கு ஆகாது, கடைக்காரர் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் ஆகாது.

இந்த எண்ணோடு டயரின் அகலத்தை இரண்டு மடங்காக்கிக் கூட்டினால் சக்கரத்தின் மொத்த விட்டம் ஏறக்குறையக் கிடைத்துவிடும். என்னிடம் இப்போது இருப்பது டிஸ்க் பிரேக் கொண்ட ஒரு கிராவல் சைக்கிள்; அதற்கு இரண்டு ஜோடிச் சக்கரங்கள் வைத்திருக்கிறேன். ஒன்று 700சி ரிம்மில் 28 மில்லிமீட்டர் டயர், மற்றது 650பி ரிம்மில் 47 மில்லிமீட்டர் டயர். முதலாவது 622உடன் 56, இரண்டாவது 584உடன் 94. இரண்டுமே 678 மில்லிமீட்டர்தான். சக்கரத்தை மாற்றும்போது வேகமானியில் பதிந்துள்ள சுற்றளவைக்கூட நான் மாற்றுவதில்லை. அளவு பற்றிய வாதங்களில் ரிம்மையும் டயரையும் பிரிக்காமல் பேசுகிறவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன். பெயரில் பெரிது, சிறிது என்று இருக்கும் இரண்டு சக்கரங்கள் தரையில் நிறுத்தினால் ஒரே உயரத்தில் நிற்கின்றன.

பெரிய சக்கரம் என்பது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. பால் கேன் கட்டிக்கொண்டு போகிற, கறுப்பு வண்ணமடித்த, கம்பிப் பிரேக் வைத்த அந்த ஊர்ச் சைக்கிளின் டயரில் 28 × 1½ என்று இருக்கும். அதன் உட்காரும் விட்டம் 635. அதாவது 29 அங்குலம் என்று விற்கப்படும் மலைச் சைக்கிளின் ரிம்மைவிட 13 மில்லிமீட்டர் பெரிய ரிம். டயரோடு சேர்த்தால் ஏறக்குறைய 715 மில்லிமீட்டர் வரும். 40 மில்லிமீட்டர் டயர் போட்ட நவீன கிராவல் சைக்கிள் 702தான் வரும். தார் இல்லாத காலத்துச் சாலைகளில் மூட்டையும் ஆளுமாக ஓட வேண்டிய வண்டிக்கு அந்த அளவு பொருத்தமாகவே இருந்தது. ஆனால் அதே வண்டியில் ஏற உயரம் போதாத பிள்ளைகள்தான் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்கு பெடல் போட்டார்கள், வாடகைக் கடைகள் அரை சைக்கிளும் முக்கால் சைக்கிளும் வைத்திருந்தன. சக்கரம் பெரிதாகப் பெரிதாக யாருக்கு வண்டி எட்டாமல் போகும் என்பது அன்றே தெரிந்த விஷயம். அதற்கும் முந்தைய காலத்தில், முன்சக்கரத்திலேயே பெடல் இருந்த உயரச் சைக்கிள்களில், ஓட்டுபவரின் கால் நீளமே சக்கரத்தின் அளவைத் தீர்மானித்தது. 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி செயின் வைத்த ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்த பிறகே அந்தக் கட்டு அவிழ்ந்தது.

29 அங்குலத்தின் நன்மை என்ன என்பதை மேடு பள்ளமான பாதையில் முதல் நாளே உணர முடியும். நான் 26 அங்குல வண்டியில் பல காலம் ஓடிய பொள்ளாச்சிப் பக்கத்து பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் கரைகளில் சிறிய ஃப்ரேம் கொண்ட 29 அங்குல வண்டியோடு போனபோது, உருளைக் கற்களுக்கு நடுவே முன்சக்கரம் தடுக்கி நிற்பது குறைந்தது, பெடல் போடுவதை நிறுத்தினாலும் வண்டி தன் ஓட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டது. இதற்கான காரணம் எளிய வடிவக் கணிதம்தான். 50 மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு கல்லில் சக்கரம் மோதும் கோணத்தைக் கணக்கிட்டால், 2.1 அங்குல டயர் போட்ட 26க்கு ஏறக்குறைய 32 பாகை வருகிறது, 2.2 அங்குல டயர் போட்ட 29க்கு 30 பாகை வருகிறது, 2.4 அங்குல டயர் போட்ட 32 அங்குலத்துக்கு 29 பாகை வருகிறது. கோணம் குறையக் குறைய ஏறுவது எளிது. வித்தியாசம் ஒன்றிரண்டு பாகைதான் என்றாலும், ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான கற்களில் ஏறி இறங்கும்போது அது உடம்புக்குத் தெரிகிறது. இதைக் கற்பனை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதே கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. 29இலிருந்து 32க்குப் போவது, 26இலிருந்து 29க்கு வந்ததைப் போன்ற இன்னொரு சிறு படி மட்டுமே. விளம்பரம் சொல்வதுபோல் வேறொரு வண்டி அல்ல.

பந்தய வரலாறும் ஒரே திசையில் போகவில்லை. 1999இல் டபிள்யூடிபி ‘நானோராப்டர்’ என்ற டயரைச் செய்த பிறகுதான் 29 அங்குல மலைச் சைக்கிள் நடைமுறைக்கு வந்தது. 2007இல் சைக்கிள் வடிவமைப்பாளர் கிர்க் பசென்டி 650பி அளவில் மலைப்பாதை டயர் ஒன்றைக் கொண்டுவந்தார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஆண்கள் மலைச் சைக்கிள் பந்தயத்தில் தங்கம் வென்ற செக் வீரர் யாரோஸ்லவ் குல்ஹவி 29 அங்குலத்தில் ஓடினார், வெள்ளி வென்ற சுவிட்சர்லாந்தின் நினோ ஷுர்ட்டர் 27.5இல் ஓடினார். ஷுர்ட்டரின் உயரம் 173 சென்டிமீட்டர், மற்றவர் அவரைவிட நல்ல உயரம். அதே ஷுர்ட்டர் 2016 ரியோவில் தங்கம் வென்றபோது 29க்கு மாறியிருந்தார். செங்குத்தான இறக்கப் பந்தயங்களில் கதை வேறு. உடலைப் பின்னால் தள்ளும்போது பெரிய பின்சக்கரம் ஓட்டுபவரின் பின்புறத்தில் இடிப்பதால், முன்னால் 29, பின்னால் 27.5 என்று கலந்து போடும் வழக்கம் வந்தது. சர்வதேச சைக்கிள் சங்கம் அதை அனுமதித்த 2019ஆம் ஆண்டிலேயே பிரான்ஸின் லோயிக் புரூனி அப்படிப்பட்ட வண்டியில் உலகப் பட்டம் வென்றார். உலகத்தின் தலைசிறந்த ஓட்டிகளே உடலுக்கும் பாதைக்கும் ஏற்ப அளவை மாற்றிக்கொள்ளும்போது, ‘பெரியதே வேகம்’ என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதுகிறவர்கள் யாருக்காக எழுதுகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

என் உயரத்தில் இருப்பவர்களுக்கு உண்மையான சிக்கல் ஃப்ரேமில்தான் இருக்கிறது. சக்கரம் பெரிதாகும்போது முன் ஃபோர்க் உயர்கிறது, அதனால் ஹேண்டில்பாரும் உயர்கிறது. நான் வைத்திருந்த 29இல் இருக்கையைவிட ஹேண்டில் எப்போதும் மேலேயே நின்றது. தட்டையான பாதையில் அது வசதிதான். மருதமலை அடிவாரத்திலிருந்து மேலே ஏறும்போது, உடல் எடையை முன்சக்கரத்தின் மேல் கொண்டுவர முடியாமல், செங்குத்தான வளைவுகளில் முன்சக்கரம் லேசாகி அலைந்தது. நின்று இறங்கும்போது மேல் பார் இடுப்புக்கு நெருக்கமாக இருந்தது. 700சி ரிம் போட்ட சாலை, கிராவல் சைக்கிள்களின் சிறிய ஃப்ரேம்களில் வேறொரு தொல்லை வரும்: மிக மெதுவாக, குறுகலாகத் திரும்பும்போது பெடலில் இருக்கும் காலின் நுனி முன் டயரில் உரசும். வேகமாகப் போகும்போது ஹேண்டிலை அவ்வளவு திருப்புவதில்லை என்பதால் தெரியாது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், எதிரே பேருந்து வந்து நின்று, ஓரமாக ஊர்ந்து திரும்ப வேண்டிய இடத்தில் நன்றாகத் தெரியும். மட்கார்டு போட்டால் இடைவெளி இன்னும் குறையும்.

ஆகவே வண்டி வாங்கப் போகும் உயரம் குறைந்தவர்களுக்கு ஒன்று சொல்வேன். கடையில் நேராக ஓட்டிப் பார்த்தால் எதுவும் தெரியாது. வழக்கமாகப் போடும் செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு, பெடலை முன்னோக்கிக் கிடையாக வைத்து, ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பி, கால் நுனிக்கும் டயருக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு கடை வாசலிலேயே நடை வேகத்தில் எட்டுப் போடுங்கள். டிரெக் நிறுவனம் தன் மார்லின் மாடலின் மிகச் சிறிய ஃப்ரேம்களுக்கு 27.5 சக்கரமும் மற்றவற்றுக்கு 29ம் கொடுத்தது; ஃப்ரேமின் அளவோடு சக்கரத்தின் அளவையும் மாற்றும் இந்த முறைதான் நியாயமானது என்பது என் கருத்து. ஒரே அளவு எல்லோருக்கும் என்பது உற்பத்தியாளருக்குச் சுலபம்.

கியர் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை. சக்கரம் பெரிதானால் பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி அதிக தூரம் போகும், அதாவது எல்லா கியரும் அந்த அளவுக்குக் கனமாகிவிடும். 2.4 அங்குல டயரோடு 29இன் விட்டம் ஏறக்குறைய 744 மில்லிமீட்டர், 32இன் விட்டம் 808. எட்டு சதவீதத்துக்கும் மேல் கூடுதல். பெடலோடு சுற்றும் முன் பல் சக்கரத்தில் 32 பல் இருந்த இடத்தில் 30 பல்லாவது வைத்தால்தான் அதே ஏற்றத்தை அதே முயற்சியில் ஏறலாம். நான் 26இலிருந்து 29க்கு மாறியபோது முன் பல் சக்கரத்தையும் சேர்த்தே மாற்றச் சொன்னேன்; அதற்கான செலவைச் சக்கரத்தின் விலையோடு சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

இனி அகலத்துக்கு வருகிறேன், எனக்குப் பெரிய மாற்றத்தைத் தந்தது இதுதான். ஒரே விட்டமுள்ள என் இரண்டு ஜோடிச் சக்கரங்களில் 28 மில்லிமீட்டர் டயரில் 65 பிஎஸ்ஐ காற்று வைக்கிறேன், 47 மில்லிமீட்டர் டயரில் 30 வைக்கிறேன். சிறுவாணிச் சாலையின் நல்ல தாரில் முதலாவது துறுதுறுவென்று ஓடுகிறது, சந்தேகமில்லை. ஆனால் அதே சாலையிலிருந்து பிரியும் ஊர்ச் சாலைகளில், ஒட்டுப்போட்ட தாரும் வேகத்தடைகளும் தொடங்கிய உடன், 47 மில்லிமீட்டர் டயர் முன்னே போய்விடுகிறது. ஒவ்வொரு குலுக்கலிலும் உடம்பு வீணாக்கும் சக்தியை அது மிச்சம் பிடிக்கிறது. அமெரிக்காவில் சைக்கிள் இதழ் ஒன்றைத் தொடங்கிய யான் ஹைனே, உண்மையான சாலைகளில் ஆளை ஏற்றி ஓட்டிச் செய்த சோதனைகளில், அகலமான டயர் மெதுவாகத்தான் ஓடும் என்ற பழைய நம்பிக்கை சரியல்ல என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார். என் அனுபவம் அவர் பக்கம்தான் நிற்கிறது. ஒரு நிபந்தனை உண்டு: டயரின் பக்கச் சுவர் மெல்லியதாக, மடங்கக்கூடியதாக இருக்க வேண்டும். தடித்த ரப்பர் சுவர் வைத்த மலிவான அகல டயர் எடையை மட்டுமே கூட்டும்.

காற்றின் அளவில் பெரும்பாலோர் அதிகமாக வைக்கிறார்கள். அகலமான டயரில் அதே பிஎஸ்ஐ அதிக இறுக்கத்தைத் தரும், ஏனென்றால் டயரின் சுவரில் ஏற்படும் இழுவிசை காற்றழுத்தத்தோடு டயரின் ஆரத்தையும் பெருக்கியது. ஃபிராங்க் பெர்ட்டோ என்ற அமெரிக்கப் பொறியாளர் சொன்ன அளவுகோல் எளிது: ஆள் உட்காரும்போது டயர் தன் உயரத்தில் 15 சதவீதம் அமுங்க வேண்டும். அந்தக் கணக்கில் 28 மில்லிமீட்டர் டயர் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் அமுங்கலாம், 47 மில்லிமீட்டர் டயர் 7 மில்லிமீட்டர் அமுங்கலாம். அந்த மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம்தான் மணிக்கட்டையும் முதுகையும் காப்பாற்றுகிறது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக் கல்லாக இருக்க வேண்டும் என்று காற்றடிப்பது ஊர்ச் சைக்கிளுக்கும் சுமைக்கும் சரி, இதற்குச் சரியல்ல.

புதிய அளவுகளின் மிகப் பெரிய குறை, வழியில் வண்டி நின்றால்தான் தெரியும். வாய்க்கால் கரையில் ஒருமுறை உடைந்த சிமெண்ட் தளத்தின் கம்பி நுனி என் 650பி டயரின் பக்கச் சுவரைக் கிழித்து, ட்யூபையும் பாழாக்கியது. ஆனைமலையில் ஒரு பழைய சைக்கிள் கடை. 26 அங்குல டயர் இருக்கிறதா என்று விசாரித்தேன்; 27.5 என்றால் யாருக்கும் தெரியாது, அருகிலுள்ள எண் 26 தானே. கடைக்காரர் மேலே கொக்கியில் தொங்கிய இரண்டு டயர்களை இறக்கிப்போட்டார். ஒன்று 26 × 1.95, உட்காரும் விட்டம் 559. மற்றது லேடீஸ் சைக்கிளுக்கான 26 × 1⅜, விட்டம் 590. என் ரிம்மைச் சாக்குத் துணியால் துடைத்து, எழுத்துகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “அம்மிணி, இதுவும் இருபத்தாறுதானுங்க, அதுவும் இருபத்தாறுதானுங்க. உங்க ரிம்முக்கு ரெண்டுமே சேராதுங்க” என்றார். “ட்யூப் மட்டும் கிடைக்குமாங்கண்ணா?” என்று கேட்டேன். முதல் டயர் என் ரிம்மில் ஏறவே ஏறாது. இரண்டாவது ஆறு மில்லிமீட்டர் தளர்வாக இருப்பதால் ஏறிவிடும், ஆனால் காற்றடித்ததும் கழன்று வெடிக்கும். விவரம் தெரியாத கடையாக இருந்திருந்தால் அதைத்தான் மாட்டிக் கொடுத்திருப்பார்கள்.

ஆனால் ட்யூப் டயரைப் போல் கண்டிப்பானது அல்ல, ரப்பர் விட்டுக்கொடுக்கும். 590க்கான லேடீஸ் சைக்கிள் ட்யூப் 584 ரிம்மில் நன்றாகவே உட்கார்ந்தது. கிழிந்த இடத்துக்கு உள்பக்கமாக, தேய்ந்துபோன ஒரு டயரிலிருந்து உள்ளங்கை அகலத்துக்குத் துண்டு வெட்டி வைத்து, காற்றைக் கொஞ்சம் குறைவாக அடித்து, கோயம்புத்தூர் வரை ஓட்டிக்கொண்டு வந்தேன். அதேபோல் 635க்கான ஊர்ச் சைக்கிள் ட்யூபை 700சியிலும் 29இலும் அவசரத்துக்குப் போடலாம். இதற்கெல்லாம் ஒரு தடை உண்டு: நம் ஊர் ட்யூப்களின் வால்வு தடிமனானது, 8.5 மில்லிமீட்டர் துளை உள்ள ரிம்மில்தான் நுழையும். மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கான ரிம்மில் துளை 6.5 மில்லிமீட்டர்தான். நான் சக்கரம் கட்டும்போதே அகலமான ரிம்மைப் பெரிய துளையோடு கேட்டு வாங்கியிருந்தேன். பிரெஸ்டா ட்யூப் போடும்போது ஒரு சிறு வளையம் வைத்து இடைவெளியை அடைத்துக்கொள்ளலாம். ஊர் ஊராகச் சுற்ற நினைப்பவர்கள் இதைக் கவனித்து வாங்க வேண்டும். குறுகலான பந்தய ரிம்களில் மட்டும் துளையைப் பெரிதாக்கக் கூடாது, ரிம் பலமிழக்கும்.

ஏற்கெனவே 26 அங்குல மலைச் சைக்கிள் வைத்திருப்பவர்கள், காலாவதியாகிவிட்டது என்ற பேச்சைக் கேட்டு அதைத் தள்ளிவிட வேண்டாம். பெரிய நிறுவனங்களின் உயர்விலை மாடல்களிலிருந்து 26 ஏறக்குறைய மறைந்துவிட்டது உண்மை. ஜெயன்ட் போன்ற நிறுவனம் 2014 மாடல்களிலேயே 27.5க்குப் போய்விட்டது. ஆனால் 559 டயரும் ட்யூபும் தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூரிலும் கிடைக்கின்றன. அந்த வண்டிக்கு நல்ல தரமான, ஃபோர்க்கும் ஃப்ரேமும் அனுமதிக்கிற அளவுக்கு அகலமான டயர் ஒரு ஜோடி போட்டுப் பாருங்கள். டயருக்கும் ஃப்ரேமுக்கும் இடையில் இரண்டு பக்கமும் ஐந்தாறு மில்லிமீட்டர் இடம் விட வேண்டும், சேறு ஒட்டினாலும் ரிம் கொஞ்சம் பெண்டானாலும் உரசாமல் இருக்க அது தேவை. புதிய வண்டியின் விலையில் சிறு பகுதிதான் செலவாகும்.

32 அங்குலம் யாருக்கும் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஆறடிக்கு மேல் உயரமுள்ளவர்கள் இத்தனை காலம் தங்கள் உடலுக்குச் சிறிய சக்கரங்களில் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காகவே 32, 36 அங்குலச் சக்கரங்களோடு வண்டி கட்டும் டர்ட்டிசிக்சர் போன்ற நிறுவனம் பல ஆண்டுகளாக இருக்கிறது. எனக்கு 26 பொருந்தியதைப் போல் அவர்களுக்கு 32 பொருந்தலாம். ஆனால் சாலைப் பந்தயத்துக்கு அந்த அளவு போகாது, டயரோடு சேர்த்து 70 சென்டிமீட்டருக்கு மேல் சக்கரம் இருக்கக் கூடாது என்பது சர்வதேச சைக்கிள் சங்கத்தின் விதி. நம் ஊரில் வாங்குகிறவர்கள் வண்டியோடு ஒரு ஜோடி டயரையும் ஸ்போக்ஸ் கம்பிகளையும் சேர்த்தே வாங்கி வைத்துவிடுவது நல்லது. ரிம்மின் ஆரம் 29ஐவிட 32 மில்லிமீட்டர் கூடுவதால் கம்பியின் நீளமும் ஏறக்குறைய அவ்வளவு கூடும். 29க்கு 290 மில்லிமீட்டர் கம்பி என்றால் இதற்கு 320க்கு மேல் வேண்டும், அந்த நீளத்தில் கம்பி எந்த ஊர்க் கடையிலும் தொங்கவில்லை. முன்சக்கரம், பின்சக்கரம், இடப்பக்கம், வலப்பக்கம் என்று நான்குக்கும் நீளம் வேறுபடும் என்பதால், சக்கரம் கட்டிக் கொடுப்பவரிடமே நான்கு அளவுகளையும் எழுதி வாங்கி, கம்பிகளோடு கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.